பச்சைக் கோடு இல்லாத கடிதம்

குணேஸ்வரி அக்கா தட்டிய கடிதங்களிலேயே மிகத் திறமானது அவருடைய தம்பிக்காக எழுதியதுதான். அதில் ஒரு பிழை கிடையாது. அந்தக் கடிதம் போகாமல் இருந்திருந்தால் தம்பி குலசிங்கம் ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்திருப்பான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கேட்பவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

என் பெயர் உம்மு குல்சும், ஊர் கிண்ணியா. திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் ஸைனுலாப்தீன் நானா வைத்திருந்த கொமினிகேஷன் கடையில் தொலைபேசிப் பெட்டிகளையும் போட்டோக்கொப்பி மெஷினையும் பார்ப்பது என் வேலை. கடையின் ஒரே கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர் குணேஸ்வரி அக்கா. அவருடைய ஊர் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இரண்டாயிரத்து ஆறில் மூதூர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் தாயும் தம்பியும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அக்கா வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் ஒதுங்கினார்கள். தம்பி குலசிங்கம் மேசன்மாரோடு கூலிக்குப் போனான். தாய்க்குக் கண்பார்வை மட்டு. இந்த மூன்று பேரும்தான் குடும்பம்.

அக்கா இங்கிலீஷ் படித்த கதை ஒரு சிரிப்பான கதை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இங்கிலீஷுக்கு ஆசிரியரே இல்லை. பிறகு கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, மனேஜருக்கு மேலிடத்திலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். ஆகவே அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் கந்தோர் இங்கிலீஷ், அரசாங்க அலுவலகத்து இங்கிலீஷ். கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்க அது உதவாது. ஆனால் ஒரு பெரிய துரைக்கு முன்னால் ஒரு ஏழை எப்படி நிற்க வேண்டும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

அந்த நாட்களில் அது பெரிய விஷயம். துறைமுகத்தைச் சுற்றிய சனத்துக்கு எதற்கும் கடிதம் வேண்டும். கடலுக்குப் போகும் பாஸுக்குக் கடிதம், சீனன்குடா விமானப்படைத் தளத்துக்குள் வேலைக்குப் போக அனுமதிக்குக் கடிதம், பிடிபட்ட பிள்ளையைத் தேடிக் கடிதம். தமிழில் எழுதினால் வாசிக்க முகாம்களிலும் கந்தோர்களிலும் ஆள் இல்லை. சிங்களத்தில் எழுத எங்களில் ஆள் இல்லை. எழுதுபவருக்கும் சொந்தமில்லாத, வாசிப்பவருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அல்லாடினோம்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. மேன்மை தங்கிய ஐயா என்று தொடங்க வேண்டும். தங்கள் பாதங்களில் மிகத் தாழ்மையாகப் பணிந்து என்று அடுத்த வரியிலேயே விழ வேண்டும். ஏழை, விதவை, கதியற்றவள் எல்லாம் வர வேண்டும். ஐயாவின் கருணை உள்ளத்தைப் புகழ வேண்டும். இந்தத் தருமத்துக்காக நானும் என் பிள்ளைகளும் என்றென்றும் பிரார்த்திப்போம் என்று முடிக்க வேண்டும். கோரிக்கை எங்கேயாவது நடுவில் ஒரு வரி கிடக்கும். வரும் சனத்துக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் இந்த நடைமுறை தெரியும். மீன்பிடிக்கிற முத்தலிப் காக்கா பாஸுக்குக் கடிதம் எழுத வந்தால், எழுதியதை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுவார். சொன்னதும், காணாது தங்கச்சி, இன்னும் கொஞ்சம் காலில விழுத்துங்க என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வரி விழுத்துவார். முத்தலிப் காக்காவுக்குப் பாஸ் கிடைக்கும்.

அக்காவுக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. தன் இங்கிலீஷைப் பற்றி அவருக்கு வெட்கம். வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தார் யாராவது கடைக்கு வந்து ஏதும் கேட்டால் என் பின்னால் ஒளிவார். எனக்கோ ஓம், இல்லை என்பதற்கு மேல் இங்கிலீஷ் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அந்த நேரத்தில் ஒரு நிறுவனம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதப் பயிற்சி வைத்தது. ஸைனுலாப்தீன் நானா, கடைக்கு நல்லது என்று அக்காவை அனுப்பினார். சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். வெளிநாட்டில் படித்த பிள்ளை. மாதிரிக்கென்று அக்கா கொண்டுபோன ஒரு கடிதத்தை அவர் வாசித்துவிட்டு, நீங்கள் யாருடைய அடிமை என்று கேட்டாராம். இப்படிக் கெஞ்சுவது இங்கிலீஷே இல்லை, வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பழைய சட்டை இது, அவனே இப்போது போடுவதில்லை என்றாராம். பிறகு கம்பியூட்டருக்குள் இருக்கும் திருத்துகிற வசதியை எப்படிப் பாவிப்பது என்று காட்டியிருக்கிறார்.

அது எங்கள் கடைக் கம்பியூட்டரிலும் முதலே இருந்ததுதான். எழுத்துப் பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு போடும், வசனப் பிழைக்குக் கீழே பச்சைக் கோடு போடும். தட்டுகிற எல்லாவற்றுக்கும் கோடு போடுகிறதென்று எரிச்சல்பட்டு அக்காதான் அதை நிறுத்தி வைத்திருந்தார். பயிற்சி முடிந்து வந்த அன்றைக்கே திரும்பப் போட்டார். முத்தலிப் காக்காவின் பழைய கடிதம் ஒன்றைத் திறந்தால் திரை முழுக்கப் பச்சை. மேன்மை தங்கிய ஐயாவிலிருந்து என்றென்றும் பிரார்த்திப்பது வரைக்கும் ஒரு வரி தப்பவில்லை. வசனம் நீளம், சொல் அதிகம், தேவையில்லாததை எடுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஆட்கள் இல்லாத நேரமெல்லாம் அதோடுதான் இருந்தார். ஒரு வசனத்தைத் தட்டுவார், கோடு விழும், ஏன் விழுந்தது என்று பார்ப்பார், மாற்றுவார், கோடு போகும். கடைசியில் திருத்தம் முடிந்தது என்று ஒரு பெட்டி வரும், வாசிக்க எவ்வளவு இலேசு என்று புள்ளியும் வரும். புள்ளி ஏறினால் முகம் மலரும். எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. ஒருநாள் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"குல்சும், எனக்கு ஒருத்தரும் ஒருநாளும் பிழை எது எண்டு சொல்லித் தரேல்லை. சிரிச்சவை மட்டும்தான். இது சிரிக்காது."

அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன். உண்மையும் அதுதான். சில மாதங்களில் அவருடைய இங்கிலீஷ் மாறியது. நிறுவனக்காரர்களுக்குத் தட்டிக்கொடுக்கும் அறிக்கைகள் திருத்தமில்லாமல் போயின. ஆனால் முகாம்களுக்கும் கந்தோர்களுக்கும் போகும் கடிதங்களைச் சனம் பழையபடிதான் கேட்டது. அவற்றைத் தட்டும்போது மட்டும் அக்கா அந்த வசதியை நிறுத்திவிடுவார். பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கெஞ்ச அவருக்கு ஏலாது.

இரண்டாயிரத்து ஏழின் தொடக்கத்தில் ஒரு காலை, டவுனுக்கு வெளியே படையினரின் சுற்றிவளைப்பு நடந்தது. வேலைக்குப் போன பெடியன்களின் அடையாள அட்டைகளைப் பார்த்து, புலிகள் இருந்த மூதூர் கிழக்கு விலாசம் உள்ளவர்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். குலசிங்கமும் அதில் ஒருவன். அதே கட்டைபறிச்சானிலிருந்து ஓடிவந்த தங்கரத்தினம் என்ற பெண்ணின் மகனும் அதில் இருந்தான். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அப்படிப் பிடிபட்டால் முதல் கிழமைதான், அந்த ஏழு நாள்தான் முக்கியம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் அதே முகாமிலிருந்து விட்டால் விட்டதுதான். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் பிறகு எங்கே தேடுவது, யாரைக் கேட்பது. தங்கரத்தினம் மறுநாள் விடியவே கடைக்கு வந்துவிட்டார். வழமையான கடிதம் வேண்டும் என்றார். அக்கா வசதியை நிறுத்திவிட்டு, பாதங்களில் பணிந்து, கதியற்ற விதவையாகி, என்றென்றும் பிரார்த்தித்து, ஒரு பக்கம் நிறையத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு தன் கடிதத்துக்கு உட்கார்ந்தார். அந்த வசதியைத் திரும்பவும் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி குலசிங்கம், வயது இவ்வளவு, தொழில் இது, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் உங்கள் ஆட்கள் கூட்டிச் சென்றார்கள், அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை, அவனை வைத்திருப்பதற்கான காரணத்தை எங்களுக்கு அறிவிக்க வேண்டும், காரணம் இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். அவ்வளவுதான். அரைப் பக்கமும் இல்லை. எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னார்.

அக்கா, பழைய மாதிரி எழுதுங்க, கும்பிடுறன் என்று சொன்னேன். ஸைனுலாப்தீன் நானாவும் வந்து நின்று, அது பெரிய இடம், பிள்ளை, கொஞ்சம் பணிஞ்சு போவம் என்றார். அக்கா எங்கள் இருவர் கதையையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொழும்பு மிஸ்ஸுக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் காட்டினார். மிகச் சிறப்பு, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று மத்தியானமே பதில் வந்தது. கொழும்பில் இருந்து சொல்ல என்ன, சொல்லலாம்.

"ஊருக்கெல்லாம் கெஞ்சி எழுதிப்போட்டன், குல்சும். என்ர தம்பிக்காக எண்டாலும் நான் நிமிர்ந்து நிண்டு கேக்க வேணும்," என்றார் அக்கா.

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே வாயிலில் கொடுக்கப்பட்டன. தங்கரத்தினத்தின் மகன் நாலைந்து நாளில் வெளியே வந்தான். எங்களுக்கு வந்தது குலசிங்கம் இல்லை, முகாமிலிருந்து ஒரு ஆள்தான். கடிதம் எழுதியவர் முகாமுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் போனேன். ஒரு சின்ன அறை, ஒரு மேசை. அதற்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு வயது அதிகமில்லை. கத்தவும் இல்லை. எங்களை இருக்கச் சொன்னார். அக்காவின் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் அது தட்டுத்தடுமாறித்தான் வந்தது. சில சொற்களுக்கு நின்று யோசித்தார். அக்காவுக்கு அதைவிடத் தடுமாற்றம். நடுவில் தமிழ் பேச மட்டும் தெரிந்த ஒரு சிப்பாய் நின்று விட்ட இடங்களை நிரப்பினான்.

யார் இதை எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றார் அக்கா. அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார். இன்றைக்கு இங்கே எதற்கு வந்தாய் என்று நாலு வரி எழுது என்றார்.

அக்கா ஒரு சொல்லை எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தார். அந்த இடத்தில் யாருக்குத்தான் சொல் வரும். அவர் எழுதி முடித்ததும் அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கிலீஷ் தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஒன்று நேர் கோட்டில் நின்றது. மற்றது வெட்டி, திருத்தி, மேலே எழுதி, முழுக்கக் காயமாகக் கிடந்தது. இது உன்னுடையது, அப்படியானால் அது யாருடையது என்று கேட்டார். கட்டைபறிச்சான் பெண் இப்படி எழுதமாட்டாள், இது படித்த ஒருவரின் எழுத்து, உனக்குப் பின்னால் எந்த அமைப்பு நிற்கிறது, ஒரு கூலிக்காரனுக்காக அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று சிப்பாய் தமிழில் சொன்னான்.

ஒருவரும் இல்லை என்று அக்கா பல தடவை சொன்னார். அதிகாரி அதே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அக்கா சொன்னார்.

"சேர், நான் எழுதேல்லை. அதைக் கம்பியூட்டர்தான் எழுதினது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சேர்."

பயத்தில் சொன்னது. அந்த நேரத்தில் அவர் எதையும் சொல்லியிருப்பார். சிப்பாய் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு ஒரு ஃபைலில் ஏதோ எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் வந்து கம்பியூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமையே குலசிங்கத்தைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். பின்னால் பெரிய கை உள்ள ஆள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த பெரிய கை, கண் சரியாகத் தெரியாத ஒரு தாயும், கொமினிகேஷன் கடையில் தட்டச்சுச் செய்கிற ஒரு அக்காவும்தான். கெஞ்சினால் அடிமை என்கிறார்கள். நிமிர்ந்தால் உன் முதுகெலும்பு யாருடையது என்று கேட்கிறார்கள். எங்களை எப்படி எழுதச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸைனுலாப்தீன் நானா நல்ல மனிதர். அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழைய கம்பியூட்டர் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அக்கா அதில் முதலில் செய்த வேலை அந்தக் கோடுகளை நிறுத்தியதுதான். பிறகு தம்பிக்காக எழுதத் தொடங்கினார். எல்லாக் கந்தோருக்கும் எழுதினார். பாதங்களில் பணிந்தார், கருணை உள்ளத்தைப் புகழ்ந்தார், என்றென்றும் பிரார்த்தித்தார். முத்தலிப் காக்காவே கேட்டால் போதும் தங்கச்சி என்று சொல்லியிருப்பார், அவ்வளவு விழுந்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கொழும்பு மிஸ்ஸுக்கும் நடந்ததை எழுதினார். மிகவும் வருந்துகிறேன் என்று வந்தது, அதோடு சரி. அந்த மிஸ்ஸில் எனக்கு இருந்த கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. அவர் சொன்னது பொய்யில்லை. அதைச் சொல்லும் ஊர்தான் இது இல்லை.

இரண்டு வருஷம் போனது. யுத்தம் முடிய இன்னும் சில மாதம் இருந்தபோது, சான்று எதுவும் இல்லையென்று நீதிமன்றம் குலசிங்கத்தை விட்டது. எத்தனையோ தவணைக்குப் பிறகு வந்த ஒரு வழமையான தீர்ப்பு அது. அக்காவின் எந்தக் கடிதத்துக்கும் அதில் பங்கில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம் கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மெலிந்து, தலையில் மயிர் கொட்டி, பிள்ளை வேறு யாரோ போல இருந்தான். ஒரு பக்கக் காது கேட்காது. பேசுகிறவரின் பக்கம் மற்றக் காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். தாய் அவனுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா தயிரைக் கோப்பையில் ஊற்றிச் சீனி போட்டுக் கொடுத்தார். அவன் சாப்பிடாமல் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். அந்தக் கடிதம் நீங்கள் எழுதினதுதானே?"

அக்கா தலையை ஆட்டினார். அவனுக்கு அது காணாது. வாயால் சொல்லச் சொன்னான்.

"ஓம் தம்பி. நான்தான் எழுதினனான்."

அவன் பெரிய மூச்சொன்று விட்டான். பிறகு கோபமில்லாமல், வேலைக்குப் போய் வந்த கதை சொல்வதுபோலச் சொன்னான். போன ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி அதுதானாம், கடிதத்தை எழுதியது யார். என்னுடைய அக்கா, கட்டைபறிச்சானில் அவரைப்போல இங்கிலீஷ் தெரிந்த ஆள் இல்லை என்று இவன் சொல்வானாம். உன் அக்காவே இல்லையென்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று தாளைக் காட்டுவார்களாம். பொய் சொல்கிறாய் என்று அடிப்பார்களாம். வேறு யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லு, விட்டுவிடுகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். காது போனதும் அப்படி ஒரு நாளில்தான். அப்போதும் இவன் மாற்றிச் சொல்லவில்லை.

தாய் அழுவதை நிறுத்தியிருந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். குலசிங்கம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ஏன் அக்கா இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பயத்தில, தம்பி."

அவன் கேட்கிற காதை அக்காவின் பக்கம் திருப்பி வைத்திருந்தபடியால் அந்தச் சின்னக் குரலும் அவனுக்குக் கேட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது, அக்கா," என்றான்.